மயில்கழுத்துப் புடவைக்கு வெயில் காட்டிய கதை

ஒரு விஷயத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். முகத்தில் நல்ல காற்று பட்டால் எனக்குக் காது கேட்காது. டாக்டரிடம் காட்டவில்லை. காட்டினால் சரியாகிவிடுமோ என்று பயம்.

பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்துவிட்டால் போதும், நான் இறங்கவேண்டிய இடம் என்னிடம் சொல்லிக்கொள்ளாமலே போய்விடும். சாந்தோமில் ஏறி தி.நகரில் இறங்கவேண்டியவனை வடபழனியில் கண்டக்டர் தோளைத் தட்டி இறக்கிவிட்ட நாட்கள் உண்டு. (தூங்கவில்லை சார், கண்ணைத் திறந்துகொண்டுதான் இருந்தேன். அவர் நம்பவில்லை. திறந்த கண்ணோடு தூங்குகிறவனை அவர் பார்த்ததே இல்லையாம்.)

பெரிய சந்தோஷம் எதையும் நான் கேட்டதில்லை. துவைத்துக் காய்ந்த சட்டையைப் போட்டதும் வரும் முதல் இரண்டு நிமிடம். பக்கத்துத் தெருக் கல்யாணத்திலிருந்து மிதந்து வரும் சாம்பார் வாசனை. டீயின் முதல் வாய். இவ்வளவுதான். ஆனால் இதற்கும் ஆள் அனுப்பிக் கெடுப்பார்கள். டீ கைக்கு வந்த நொடியில்தான் யாராவது, "வேலு, ஒரு விஷயம்பா" என்று ஆரம்பிப்பார்கள். அவர் விஷயம் முடியும்போது என் டீயின் மேல் போர்வை மாதிரி ஏடு படிந்திருக்கும். போண்டா தட்டைப் பார்த்துக்கொண்டே க்யூவில் நகர்வேன். எனக்கு முன்னால் நிற்கிறவர் கடைசி நாலையும் பார்சல் கட்டச் சொல்வார். இப்படிச் சின்னச் சின்ன துரோகங்களாகச் சேர்ந்துதான் நான் ஆளானேன்.

இந்தக் கதை நடந்தபோது எனக்கு இருபத்தொன்று. இப்போது இருபத்தாறு. அறிவு வந்துவிட்டது என்று நான் சொல்லிவருகிறேன். வீட்டில் இன்னும் உறுதி செய்யவில்லை.

ப்ளஸ் டூவில் கணக்கு என்னைக் கைவிட்டது, பதிலுக்கு நானும் அதைக் கைவிட்டேன். அப்புறம் ரங்கநாதன் தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில், ஒரு மேட்சிங் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தேன். பெண்கள் புடவையைக் கொண்டுவருவார்கள். அதன் கலருக்கு ஒத்துப்போகிற லைனிங், உள்பாவாடை, ஃபால்ஸ் எல்லாம் நாங்கள் எடுத்துக் கொடுப்போம். (ஃபால்ஸ் என்பது புடவையின் அடி ஓரத்தில் உள்பக்கமாக வைத்துத் தைக்கிற பட்டைத் துணி. வெளியில் தெரியவே தெரியாது. ஆனால் கலர் ஒரு பொட்டு மாறினாலும் பெண்களுக்கு அன்று சாப்பாடு இறங்காது.)

படிப்பில் நான் எப்படியோ, கலரில் நான் கெட்டிக்காரன். மாம்பழ மஞ்சள் என்று நீங்கள் ஒன்றைச் சொல்வீர்கள். என்னிடம் அது ஏழு இருந்தது: பங்கனப்பள்ளி தோல், பங்கனப்பள்ளி சதை, பழுத்தது, பழுக்கப் போகிறது என்று. அரக்கு, வாடாமல்லி, வெங்காயத் தோல், யானை, கிளிப்பச்சை எல்லாம் எனக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி. இரண்டு துணிகளைக் கண்ணை மூடித் திறந்து பார்த்தாலே ஒட்டுமா ஒட்டாதா என்று சொல்லிவிடுவேன்.

கடையில் ஒரே ஒரு சுவர் ஃபேன். அது இடமும் வலமுமாகத் தலையை ஆட்டும். என் பக்கம் வந்து நாலு விநாடி நிற்கும். அந்த நாலு விநாடியில் நான் கடலுக்குப் போய்க் கட்டுமரத்தில் படுத்து வானத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன். அதற்குள் ஃபேன் அண்ணாச்சி பக்கம் போய்விடும். அங்கே மட்டும் பத்து விநாடி நிற்கும். (முதலாளி யார் என்று ஃபேனுக்கும் தெரியும்.) அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கம். "ஏலே, கண்ணத் தொறந்துகிட்டே எங்கல போன?" என்று தினமும் இருபது தடவை கேட்பார். எங்கேயும் போகவில்லை அண்ணாச்சி என்பேன். அது பொய் என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

அந்த வருஷம் சுகந்தி அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. எங்களுக்குச் சாந்தோம் பக்கத்துக் குப்பம். நைனா கடலுக்குப் போகிறவர், அம்மா மீன் விற்கிறவள். மாப்பிள்ளை வீடு பாலவாக்கம். மாப்பிள்ளையின் அம்மா தனம். கரையில் படகு வந்து இறங்கியதும் கூடை கூடையாக மீனை ஏலம் விடுகிறவர். அந்தம்மா கரையில் ஒரு குரல் கொடுத்தால் ஈ.சி.ஆர். ரோட்டில் வண்டி ஸ்லோவாகும் என்பார்கள். நான் நேரில் கேட்டிருக்கிறேன். ஸ்லோ இல்லை, நிற்கவே நிற்கும்.

நிச்சயத்தின்போது தனம்மா எழுந்து நின்று சொன்னார்: "எனக்கு சீரும் வாணாம், ஒன்னியும் வாணாம். வாய் சுத்தமா இருக்கணும். சொன்னா சொன்னதுதான். கரைல நான் அப்படித்தான். என் வூட்டுக்கு வர்ற பொண்ணோட வூடும் அப்படித்தான் இருக்கணும். பேச்சு பொரள்ற எடத்துல நா கை நனைக்க மாட்டேன்."

நைனா தலையாட்டினார். அம்மா தலையாட்டினாள். அக்கா மட்டும் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் பேச்சுக்குக் கணக்கு வழக்கே இல்லாத ஆள் ஒருவன்தான். மணி என்ன என்று கேட்டால்கூட, "எவ்ளோக்கு வேணும்?" என்று கேட்கிற ஜாதி நான்.

முகூர்த்தப் புடவை மாப்பிள்ளை வீட்டுச் செலவு. ஒரு நாள் காலையிலேயே தனம்மா, அம்மா, அக்கா மூன்று பேரும் தி.நகர் வந்து பெரிய கடை ஒன்றில் ஏறி இறங்கி, மயில்கழுத்துக் கலரில் ஒரு பட்டு எடுத்துவிட்டார்கள். அதோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். அம்மா விடவில்லை. "பையன் கட பக்கத்துலதாங்க கீது. ஃபால்ஸ், லைனிங் எல்லாம் அங்கியே எடுத்துக்கலாம். அவன்தான் அங்க சூப்பர்வைசரு" என்று அழைத்துவந்துவிட்டாள்.

(சூப்பர்வைசர்! அந்தக் கடையில் எனக்குக் கீழே இருந்தது மேல்தட்டுத் துணி எடுக்க வைத்திருந்த ஏணி மட்டும்தான்.)

கடைக்குள் மூன்று பேரும் ஸ்டூலில் உட்கார்ந்தார்கள். அம்மா பெருமையாகப் புடவையை என் கையில் கொடுத்தாள். பிரித்தேன். அப்படியே நின்றுவிட்டேன்.

மயில்கழுத்து என்பது ஒரு கலர் இல்லை. நீளவாக்கில் ஓடும் பாவு நூல் ஒரு கலர், குறுக்கே ஓடும் ஊடை நூல் ஒரு கலர். நீலமும் பச்சையுமாகப் பின்னிக்கொண்டு, நீங்கள் பார்க்கிற பக்கத்துக்கு ஏற்ப மாறிக்கொண்டே இருக்கும். ட்யூப்லைட்டில் பார்த்தால் பச்சை என்று சத்தியம் செய்யும். வாசலில் பார்த்தால் நீலம். இதற்கு ட்யூப்லைட் வெளிச்சத்தில் ஃபால்ஸ் எடுத்தால், மணமேடையில் காலடியில் வேறு கலர் எட்டிப்பார்க்கும். எங்கள் தொழிலில் இதற்கு ஒரே வழி: புடவையையும் துணியையும் எடுத்துக்கொண்டு வெயிலுக்குப் போக வேண்டும். மேட்சிங் கடை ஆட்கள் புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்று வானத்தைப் பார்ப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். பைத்தியம் இல்லை. வெயில் தேடுகிறோம்.

"இத வெயில்ல பாக்கணும், அங்க நீலமா மாறும். தோ, ரெண்டே நிமிசம்" என்று தனம்மாவிடம் சொன்னேன்.

"ரெண்டு நிமிசம்னா ரெண்டு நிமிசமா?" என்றார் அவர்.

"கரெக்டா ரெண்டு நிமிசம்மா."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

புடவையைத் தோளில் போட்டு, நாலு ஃபால்ஸ் துண்டை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். எங்கள் சந்தில் வெயில் விழுவதில்லை. மேலே தார்ப்பாய், அதற்கு மேலே போர்டு, அதற்கு மேலே யாரோ காயப்போட்ட போர்வை. ரங்கநாதன் தெருவுக்கு வந்தேன். அங்கே வெயில் விழுந்தாலும் தரைக்கு வருவதில்லை; ஜனங்கள் தலையிலேயே தீர்ந்துபோய்விடுகிறது. அப்படியே கூட்டத்தோடு நகர்ந்து மாம்பலம் ஸ்டேஷன் நடைமேம்பாலப் படிக்கட்டுக்கு வந்துவிட்டேன். பாதிப் படியில் ஒரு திருப்பம். அங்கே கூரைத் தகடு முடிந்து, ஒரு பாய் அளவுக்கு வெயில் விரித்துக் கிடந்தது. யாரும் உட்காராத வெயில்.

முந்தானையை அதில் விரித்தேன்.

என்னத்தைச் சொல்ல. பச்சை மெதுவாக உள்ளே போய், நீலம் மேலே வந்தது. ஒரு மடிப்பில் நீலம், அடுத்த மடிப்பில் பச்சை, இரண்டுக்கும் நடுவே பெயர் இல்லாத ஒரு கலர். எங்கள் குப்பத்துக் கரையில் காலை ஆறு மணிக்குக் கடல், வெயிலை வாங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும்போது ஒரு நிமிஷம் இந்தக் கலரில் இருக்கும். அந்த நேரம் பார்த்துத் தண்டவாளப் பக்கமிருந்து ஒரு காற்று வந்தது. ஒரு எலக்ட்ரிக் ட்ரெயின் கிளப்பிவிட்டுப் போன காற்று. முந்தானை தூக்கிக்கொண்டு ஆடியது. ஜரிகை மினுக்கியது.

அவ்வளவுதான். எனக்குக் காது போய்விட்டது.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. ட்ரெயின் சத்தம் அலை மாதிரி வந்து போனது. கீழே ஆயிரம் பேர் கத்துவது தூரத்தில் யாரோ வலை இழுக்கிற மாதிரி இருந்தது. அக்கா இந்தப் புடவையில் மணமேடையில் நடந்து வருகிறாள், நான் பட்டுச்சட்டை போட்டுக்கொண்டு பன்னீர் தெளிக்கிறேன், எல்லோரும் என்னைப் பார்த்து, "ஃபால்ஸ் மேட்சிங் யாருபா எடுத்தது?" என்று கேட்கிறார்கள். நான் அடக்கமாகச் சிரிக்கிறேன். கனவில்கூட நான் கேட்டது அவ்வளவுதான், பாருங்கள்.

அப்போது அந்தக் கனவுக்குள்ளேயே ஒரு குரல் கேட்டது. "இன்னா வெலபா?"

என் வாய் இருக்கிறதே, அது மூளையிடம் அனுமதி கேட்டு வேலை செய்வதில்லை. நாள் முழுக்க அந்தத் தெருவில் கேட்டுக் கேட்டு ஊறிப்போன வார்த்தை, தானாக வெளியே வந்தது.

"ஐநூறுமா. ரெண்டு எடுத்தா தொள்ளாயிரம்."

மேம்பாலப் படிக்கட்டில், தோளில் புடவை போட்டு, கையில் விரித்துக் காட்டிக்கொண்டு ஒருவன் நின்றால் அவன் யார்? புடவை விற்கிறவன். இது எல்லோருக்கும் தெரியும், என்னைத் தவிர. ஐநூறு என்ற சொல் படிக்கட்டில் மேலும் கீழுமாக ஓடியது. நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தபோது என்னைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பெண்கள்.

"ஏய், பட்டு மாதிரியே கீதுமே!"

"வேற கலர் கீதா? அரக்குல காட்டு."

"சாயம் போவுமாபா? போனா இங்கியே வந்து நிப்பேன்."

"ஐயோ, இது விக்கிறதுக்கு இல்லமா" என்றேன். அதை யாரும் காதில் வாங்கவில்லை. வியாபாரி அப்படித்தான் சொல்வான் என்று எல்லோருக்கும் தெரியும். மணிக்கட்டில் இருந்த ஃபால்ஸ் ஒவ்வொன்றாகக் காணாமல் போனது. (இலவசம் என்று நினைத்துவிட்டார்கள்.) அந்தக் கூட்டத்தைத் தோளால் பிளந்துகொண்டு ஒரு அம்மா வந்தார். கையில் பிளாஸ்டிக் கூடை. முந்தானையை இரண்டு விரலில் தேய்த்துப் பார்த்தார். ஜரிகையை நகத்தால் கீறிப் பார்த்தார். முகம் மாறவே இல்லை. ஒரு ஐநூறு ரூபாய்த் தாளை என் சட்டைப் பையில் சொருகிவிட்டு, புடவையை ஒரே இழுப்பில் உருவித் தன் கூடையில் போட்டுக்கொண்டார்.

"முடிஞ்சிது. போங்கமே எல்லாம்" என்றார் கூட்டத்திடம்.

அந்த நொடியில்தான் எனக்கு முழுதாகக் காது கேட்டது. கேட்ட முதல் சத்தம் கீழேயிருந்து வந்த அண்ணாச்சியின் குரல்: "ஏலே வேலு! ஃபால்ஸ் எங்கல?" அவருக்குப் பின்னால் தனம்மா, அம்மா, அக்கா. ரெண்டு நிமிஷம் என்று போனவன் முக்கால் மணி நேரமாக வரவில்லை என்று தேடிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

நான் கூடையைப் பிடித்துக்கொண்டேன். "யம்மா, யம்மா, குட்த்துடுமா. எங்க அக்கா கல்யாணப் புடவமா அது. பத்தொம்பதாயிரம்மா."

"நீதான சொன்ன ஐநூறுன்னு?"

"வெளாட்டுக்கு சொன்னேன்மா!"

"நா வெளாட்டுக்குக் காசு குடுக்கல நைனா."

தனம்மா படியேறி வந்துவிட்டார். கூடையில் மயில்கழுத்தைப் பார்த்தார். என் பையில் எட்டிப்பார்த்த தாளைப் பார்த்தார். "இன்னா நடக்குது இங்க?" என்றார். தண்டவாளத்தில் நின்றிருந்த ஒரு ட்ரெயின் உடனே கிளம்பியது. அதன் நேரம் வந்திருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

புடவை வாங்கிய அம்மா தனம்மாவை உற்றுப் பார்த்தார். பிறகு சிரித்தார். "அட, பாலவாக்கத்து ஏலக்காரம்மா! என்னத் தெர்லியா? சைதாப்பேட்ட செல்வி. மாசம் நாலு தபா உன் கரைக்கு மீன் எடுக்க வரேனே."

"தெரியும். புடவையக் குடு செல்வி."

"இரு. போன தை மாசம் உன் ஏலத்துல நின்னுகினு இருந்தேன். ஒரு கூட கொடுவா மீனு. அவசரத்துல ரெண்டாயிரத்துக்குப் பதிலா மூவாயிரம்னு கேட்டுட்டேன். 'தப்பா சொல்லிட்டேன்கா, வுட்ரு'ன்னு அத்தினி பேர் முன்னாடி உன் கையப் புடிச்சி அழுதேன். நீ இன்னா சொன்ன?"

தனம்மா முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார்.

"சொல்லுக்கா, இன்னா சொன்ன?"

"சொன்ன வெல சொன்னதுதான்னு சொன்னேன்" என்றார் தனம்மா. அந்தக் குரல் அவ்வளவு மெதுவாகவும் வரும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"இந்தப் பையன் ஐநூறுன்னான். நா காசு குட்த்தேன். அவன் வாங்கிக்கினான். இப்ப உன் நாயம் இன்னா?"

தனம்மா என் பக்கம் திரும்பினார். "தம்பி. நீ ஐநூறுன்னு வெல சொன்னியா? இல்ல அவ சொம்மா சொல்றாளா?"

அம்மா தனம்மாவுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்து வேகவேகமாகத் தலையை ஆட்டினாள். இல்லைன்னு சொல்லு, இல்லைன்னு சொல்லு என்று அர்த்தம். அண்ணாச்சிகூட ஃபால்ஸை மறந்துவிட்டார். அக்காவின் கண்ணில் தண்ணீர் நின்றது. ஒரே ஒரு பொய்தான். சொன்னால் புடவை கிடைக்கும். அக்கா முகம் தெளியும்.

"சொன்னேன்மா" என்றேன்.

இதை வீரம் என்று நினைத்துவிடாதீர்கள். பொய் சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அவர் கேட்ட வேகத்துக்கு என்னிடம் கைவசம் உண்மைதான் இருந்தது. அதோடு நிறுத்தவும் தெரியவில்லை. "ரெண்டு எடுத்தா தொள்ளாயிரம்னும் சொன்னேன்மா" என்று சேர்த்துவிட்டேன்.

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அம்மா தலையில் கைவைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "போச்சி. என் பொண்ணு வாழ்க்க போச்சி."

தனம்மா கூடையைப் பிடித்திருந்த என் கையை எடுத்துவிட்டார். பிறகு, "புடவ உன்னுதுதான் செல்வி. எட்த்துகினு போ" என்றார்.

அக்கா அப்போதுதான் வாயைத் திறந்தாள். அவள் என்னைத் திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் செல்வியம்மாவிடம் போய், "நா ஒரு தபா அத வெயில்ல பாத்துக்கட்டுமா? கடைல லைட்ல பச்சையா தெரிஞ்சிது. வெயில்ல நீலமா மாறும்னு இவன் சொன்னான். நா பாக்கவே இல்ல" என்றாள்.

செல்வியம்மா அவள் முகத்தைப் பார்த்தார். கூடையிலிருந்து புடவையை எடுத்து, தானே அக்காவின் தோளில் போட்டு, முந்தானையை முன்னால் இழுத்துவிட்டார். அக்காவை அந்தப் பாய் அளவு வெயிலுக்குள் நிறுத்தினார்.

நான் கடலில் பார்க்கிற அந்தக் கலர் அக்காவின் தோளில் மெதுவாக எழுந்தது. ஏறி இறங்குகிற ஜனங்கள்கூட ஒதுங்கிப் போனார்கள். இது ரங்கநாதன் தெருப் பக்கத்தில் நடக்காத விஷயம். அண்ணாச்சி எங்கிருந்தோ ஒரு ஃபால்ஸ் துண்டை மீட்டுக்கொண்டு வந்து பேசாமல் என்னிடம் நீட்டினார். புடவை ஓரத்தில் வைத்துப் பார்த்தேன். துணி எங்கே முடிகிறது, ஃபால்ஸ் எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியவில்லை. என் தொழில் வாழ்க்கையில் அப்படி ஒட்டிய மேட்சிங் அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

"இது இவ மேலதான் நிக்கிது" என்றார் செல்வியம்மா பெருமூச்சோடு. "என் பொண்ணுக்குன்னு எட்த்தேன். அவளுக்கு இன்னும் மாப்பிளையே பாக்கல." பிறகு தனம்மா பக்கம் திரும்பினார். "குட்த்துடறேன்கா. ஆனா வெலைக்குக் குடுக்க மாட்டேன். ஐநூறும் திருப்பி வாணாம். இது என் புடவ. நானா வெச்சிக் குடுக்கறேன். மணவறைல தட்டுல வெச்சி என் கையாலதான் பொண்ணுக்குக் குடுப்பேன். சம்மதமா?"

முகூர்த்தப் புடவை மாப்பிள்ளை வீட்டார் கொடுப்பது. கரையே பார்க்கப் பாலவாக்கத்து ஏலக்காரம்மா கொடுக்கவேண்டியதை, சைதாப்பேட்டை மீன்காரம்மா கொடுப்பதென்றால் பார்ப்பவர்கள் என்ன சொல்வார்கள்? தனம்மாவின் தாடை இறுகியது. தளர்ந்தது. மறுபடி இறுகியது. என் வாய் எதையாவது சொல்லிவிடக் கூடாதே என்று கையால் வேறு பொத்திக்கொண்டேன்.

"சம்மதம்" என்றார் தனம்மா.

"சொன்னா சொன்னதுதான?"

"போமே அங்க! யாராண்ட கேக்குற?"

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். அம்மா மட்டும் எழுந்திருக்கவில்லை. அவளுக்கு இன்னும் பயம் போகவில்லை. "சம்பந்தியம்மா, கல்யாணம்?" என்று கீழேயிருந்தே கேட்டாள்.

தனம்மா குனிந்து அம்மாவின் கையைப் பிடித்துத் தூக்கினார். "இவன் இல்லன்னு சொல்லியிருந்தா புடவ என் கைக்கு வந்திருக்கும். உன் வூட்டுப் பொண்ணு என் வூட்டுக்கு வந்திருக்க மாட்டா" என்றார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஆனா இவன் சூப்பர்வைசர் இல்லன்னு மட்டும் எனக்கு அப்பவே தெரியும்."

கல்யாணத்தன்று செல்வியம்மா அவர் சொந்தக்காரர்கள் பதினோரு பேரோடு வந்தார். புதுப்புடவை கட்டி, தலைநிறையப் பூ வைத்து, தட்டைத் தூக்கிக்கொண்டு மணவறைக்கு நடந்தார். தட்டில் மயில்கழுத்து. அந்த நடையைப் பார்த்தவர்கள் அவர்தான் மாப்பிள்ளையின் அம்மா என்று நினைத்தார்கள். போட்டோகிராபரும் அப்படியே நினைத்து, குடும்பப் போட்டோவில் நடுவில் உட்காரவைத்துவிட்டார். தனம்மா ஓரத்தில் நிற்கிறார். ஆல்பம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

அன்றோடு போய்விடுவார் என்று நினைத்தோம். போகவில்லை. ஆடிக்கு வந்தார், தீபாவளிக்கு வந்தார், அக்காவுக்கு வளைகாப்பு என்றதும் முதல் ஆளாகக் கூடை நிறைய வளையலோடு வந்தார். தனம்மாவும் அவரும் இப்போது ஒரே பாயில் உட்கார்ந்து வெற்றிலை போடுகிறார்கள். ஏலத்தில் அவருக்குச் சலுகை உண்டா என்று ஒரு தடவை கேட்டேன். இரண்டு பேரும் சேர்ந்து என்னைத் திட்டினார்கள்.

போன மாதம் அக்கா மகளுக்குப் பாலவாக்கத்தில் காது குத்தினோம். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும் என்பதால், வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு விசேஷத்தில் நான் முக்கியமான ஆளாக உட்கார்ந்திருந்தேன். மடியில் குழந்தை. எதிரே பத்தர் ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்போது செல்வியம்மா சீர்த்தட்டோடு உள்ளே வந்தார்.

மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் யாரோ புதுசாக வந்த ஒருத்தர், "இவங்க உங்களுக்கு இன்னா மொறை வேணும்?" என்று தனம்மாவைக் கேட்டார்.

"அப்பா வழில சொந்தம் இல்ல, அம்மா வழிலயும் இல்ல. இவங்க எங்களுக்குப் புடவ வழில சொந்தம்" என்றார் தனம்மா, முகத்தில் சிரிப்பே இல்லாமல். கேட்டவர் ஏதோ புரிந்த மாதிரி தலையாட்டிக்கொண்டார்.

உள்ளே பந்தி போட்டுவிட்டார்கள் என்று குரல் வந்தது. கூட்டம் எழுந்து நகர ஆரம்பித்தது. அப்போதுதான் தனம்மா கரையில் கொடுக்கிற அந்தக் குரலைக் கொடுத்தார்.

"ஏய், யாராச்சும் ஒருத்தர் இங்க நில்லுங்கபா! கொழந்தைய இவன் மடில வுட்டுட்டு எல்லாரும் துன்னப் போய்டாதீங்க. எவளாச்சும் வந்து 'இன்னா வெலபா'ன்னு கேட்டா, சொல்லிடுவான்!"